ரிஸ்பாளின் இரட்டுப்புடவை

அரிவுவெட்டுத் தொடங்கிய நாளிலிருந்து அடுத்த மாரி விழும் நாள்வரை எவ்வளவு காலம் என்று வன்னிக் கமக்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நாட்காட்டியைத் தேடமாட்டார். மாசியில் காலபோக நெல்லை வெட்டத் தொடங்குவோம். பங்குனி வெயிலில் சூடடித்து, தூற்றி, மூட்டை கட்டுவோம். சித்திரையும் வைகாசியும் குளத்து நீரைக் குறைக்கும். ஆனியிலும் ஆடியிலும் காற்று புழுதியை வாரிக் கண்ணில் எறியும். ஆவணியிலும் புரட்டாதியிலும் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில்தான் வானம் கறுக்கும். எட்டு மாதம்.

இந்தக் கணக்கை ஒரு முதியவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்டது 2009 ஆவணியில். போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்துப் பக்கம் கூடாரங்களில் நாங்கள் இருந்த காலம். மழை வந்தால் என்ன செய்வது என்பதுதான் அப்போது கூடாரத்துக்குக் கூடாரம் பேச்சு. பொழுது சாய்வதற்குள், வெளிச்சம் இருக்கும்போதே, பக்கத்துக் கூடாரத்து மூப்பர் வேதாகமம் வாசிப்பார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். தபசு காலத்தில் யேசுவின் பாடுகளைப் புலம்பிச் சொல்லும் பசாம் படித்துப் பழகிய குரல் என்பதால், உரைநடையை வாசித்தாலும் ஓர் இழுவை இருக்கும். அவர் கையில் இருந்தது அட்டை கிழிந்த, பழைய புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பு. யாரோ பதுங்குகுழியில் விட்டுப்போனதை எடுத்துக் காப்பாற்றி வைத்திருந்தார். கேட்க வருபவர்களில் பாதிப் பேர் சைவர்கள்.

அன்று அவர் வாசித்தது சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 21ஆம் அதிகாரம். தாவீது அரசனின் நாளில் நாட்டில் மூன்று ஆண்டுகள் பஞ்சம். முன்னிருந்த அரசன் சவுல் கிபியோனியர்மேல் செய்த கொலைகளே அதற்குக் காரணம் என்று தெரியவருகிறது. கிபியோனியர் சவுலின் வழிவந்தவர்களில் ஏழு பேரைக் கேட்கிறார்கள். தாவீது கொடுத்துவிடுகிறான். ஏழு பேரையும் மலையில் தூக்கிலிட்டு, உடல்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவர்களில் இருவர் ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள். மற்ற ஐவரும் சவுலுடைய மகளின் பிள்ளைகள். ரிஸ்பாள் ஓர் இரட்டுப்புடவையை எடுத்துக்கொண்டுபோய்ப் பாறைமேல் விரித்து உட்காருகிறாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு விலங்குகளையும் அந்த உடல்களை அண்டவிடாமல் கலைக்கிறாள். அறுப்பின் தொடக்கம் முதல் வானத்திலிருந்து மழை பெய்யும்வரை.

“எட்டு மாதம்” என்றார் மூலையில் இருந்த ஓர் அப்பு.

பலஸ்தீனத்தில் வாற்கோதுமை அறுப்பு சித்திரையை ஒட்டித் தொடங்குகிறது, முன்மாரி ஐப்பசியில் வருகிறது, ஆகவே அங்கே ஆறு மாதம்தான் என்று பின்னர் படித்து அறிந்தேன். அன்று அந்தக் கணக்கைத் திருத்த யாரும் இருக்கவில்லை. திருத்தியிருந்தாலும் யாரும் ஏற்றிருக்கமாட்டார்கள். தம்மவரை மண்ணிட்டு மூட நேரமில்லாமல் வழியில் விட்டுவந்தவர்கள் அந்தக் கூடாரத்தில் இருந்தார்கள். மூப்பர் புத்தகத்தை மூடிவிட்டார். நெடுநேரம் யாரும் எழுந்து போகவில்லை.

நான் 28 ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவள். ‘சமூகத்தை மாற்றிய பெரியோர்’ என்ற தலைப்பில் எத்தனை கட்டுரைகளைத் திருத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அசோகன், தாவீது, சொலமோன், இராசராசன், காந்தி என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பெயர்களில் பிழை இருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுப்பேன். ரிஸ்பாளின் பெயரை ஒரு பிள்ளையும் எழுதியதில்லை. எனக்கே அவளைத் தெரியாது. அந்தக் கூடாரத்துக்குப் பிறகுதான் பழைய கதைகளை வேறு பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்: சிம்மாசனத்தின் பக்கத்தை விட்டு, வாசல் பக்கத்திலிருந்து. அப்படிப் படிக்கும்போது, எங்கள் வேறுபட்ட மதங்களும் புராணங்களும் ஒன்றையே எங்களுக்குள் ஊன்றியிருப்பது தெரிகிறது. அரசனுக்கும் மேலே ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் கேட்க வாசலில் நிற்பவளுக்கு உரிமை இருக்கிறது. சட்டப் புத்தகங்கள் வன்னிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த எண்ணம் கூத்திலும் பொங்கலிலும் பசாமிலும் ஏறி வந்து சேர்ந்துவிட்டது.

அம்மம்மாவின் ஊர் முள்ளியவளை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நெருங்கும்போது அந்த ஊரே வேறு முகம் கொள்ளும். முல்லைத்தீவுக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். எண்ணெய் இல்லை, கடல்நீர்தான். பிறகு அங்கிருந்து வற்றாப்பளைக்குப் போவது. நந்திக்கடல் ஓரமாக மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாளாம். பிள்ளைகள் பாற்புக்கை சமைத்துக் கொடுத்தார்கள். இருட்டியதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லையே என்றார்கள். கடல்நீரை ஊற்றுங்கள் என்றாள், எரிந்தது. தலை பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுதும் கண்கள். நிமிர்ந்து பார்த்தால் ஆளில்லை. மதுரையை எரித்துவிட்டு ஈழத்துக்கு வந்து ஒவ்வோர் இடமாகத் தங்கித் தங்கிப் போன கண்ணகிக்கு இது பத்தாவது இடம், பத்தாம்பளை, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பார் அம்மம்மா.

ஊரை எரித்தவள் எங்கள் ஊருக்கு வந்தபோது கேட்டது ஒரு வாய் புக்கை. சிறுவயதில் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது இதுதான்.

பிறகு பள்ளிக்கூடத்தில் வழக்குரை காதை படிப்பிக்க வந்தபோது, அந்தக் கிழவியின் இளமைக் குரல் கிடைத்தது. “தேரா மன்னா செப்புவ துடையேன்.” ஆராய்ந்து பார்க்காத அரசனே, உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. கணவனை இழந்த வேற்றூர்ப் பெண் ஒருத்தி கையில் ஒற்றைச் சிலம்போடு அரண்மனைக்குள் நுழைந்து, அரசனுக்கு வைக்கும் முதல் அடைமொழியே ‘தேரா’ என்பது. சிலம்பு உடைகிறது. முத்து இருக்கவேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டியன் சொல்கிறான்: “யானோ அரசன் யானே கள்வன்.” சொல்லிவிட்டு விழுந்து சாகிறான். அந்த வரியைப் படிப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் என் குரல் தடுமாறியிருக்கிறது. தவறு செய்த அரசன் அந்தக் கணத்திலேயே அரசனாக இருப்பதை இழந்துவிடுகிறான் என்று இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லியிருக்கிறார்கள்? பாண்டியன்மேல் எனக்கு இரக்கம் உண்டு. தன் பிழையை அறிந்த மறுநொடி உயிரோடிருக்க முடியாமற்போன அவனுக்கு வன்னியில் ஒரு கல்லும் இல்லை. கண்ணகிக்கோ காடு முழுதும் கோயில்.

படிப்பறியாத அம்மம்மாவுக்கு அந்த வரிகள் தெரியாது. ஆனால் கோவலன் கூத்து தெரியும். முல்லைத்தீவுக் கூத்தில் கண்ணகி வழக்காட வரும் கட்டம் விடியற்புறத்தில்தான் வரும். பாயில் உறங்கிப்போன எங்களை அம்மம்மா உலுக்கி எழுப்புவார். “எழும்புங்கோ, அம்மன் கேட்கப் போகிறா” என்பார். கொட்டாவியோடு எழுந்து உட்கார்ந்து, ஒரு பெண் அரசனை நிற்கவைத்துக் கேட்பதைப் பார்த்தோம். என் குடியியல் பாடம் அங்கேதான் தொடங்கியது.

அப்பாவின் வழி வேறு. அவர் மாந்தைப் பக்கத்துக் கத்தோலிக்கர். கலியாணத்தால் இரு வீட்டுக்கும் ஏற்பட்ட மனக்கசப்பு நான் பிறந்து தவழத் தொடங்கும்வரை நீடித்தது. எனவே எங்கள் வீட்டில் சங்கிலி மன்னன் இரண்டு பேர் இருந்தார்கள். அம்மாவின் ஆட்களுக்கு அவன் போர்த்துக்கேயருக்குத் தலைவணங்காத தமிழரசன். அப்பாச்சிக்கு அவன் 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற 600க்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்றவன். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் கோயிலுக்கு அப்பாச்சி என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். உண்மையில் சங்கிலியர் இருவர்: மன்னாரில் கொன்றவன் முதலாமவன், 1619இல் அரசை இழந்தவன் அவனுக்குப் பின் வந்த இன்னொருவன். ஒரே பெயருக்குள் இருவரையும் போட்டு, வீரத்தை ஒரு வீடும் இரத்தத்தை மற்ற வீடும் எடுத்துக்கொண்டன. இதை இரண்டு பக்கத்திலும் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் பிடிக்கவில்லை.

மடு மாதா கோயிலில் மட்டும் இரண்டு வீடும் சேரும். ஆவணித் திருநாளுக்கு அம்மம்மாவும் வருவார். அவருக்கு அது மடு அம்மன். பாம்பு கடித்தால் மடு மண் என்பதில் சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற பிரிவு வன்னியில் இருந்ததில்லை. மரங்களின் கீழ்க் கொட்டில் போட்டு, கல் வைத்துச் சமைத்து, பத்து நாளும் காட்டிலேயே இருப்போம். அப்பாச்சி அங்குள்ள மாதா சுருவத்தின், அந்தச் சிலையின், கதையைச் சொல்லும்போது, யாரோ உறவுக்காரப் பெண் பட்ட துன்பத்தைச் சொல்வதுபோலவே இருக்கும். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தி, வழிபாட்டைத் தடைசெய்த காலம். 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்கு ஓடிவந்தன. குருவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் செபமாலையைக் கொண்டே வேதத்தைக் காத்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்துசேரும்வரை இந்த நாட்டுக் கத்தோலிக்கருக்கு அதுதான் நிலை. அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழைக் கற்று எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத்தான் தபசு காலத்தில் நம் ஊர்கள் இன்றும் ஒப்பாரியாகப் படிக்கின்றன. கோவாவிலிருந்து வந்த ஒருவர், மகனைப் பறிகொடுத்த யூதத் தாய் ஒருத்தியின் அழுகையை எங்கள் பெண்கள் அழும் தமிழிலேயே எழுதிவைத்தார். ஒரு மனிதன் ஒரு சமூகத்தின் மனத்தை எப்படி மாற்றுகிறான் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இவரைத்தான். படை இல்லை, பதவி இல்லை. அழுவதற்குச் சொற்கள் கொடுத்தார்.

2008 சித்திரையில் போர் மடுவை நெருங்கியபோது அந்தச் சுருவத்தை மறுபடி தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆவணியில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் யோசவ் வாஸைப் புனிதராக அறிவித்த கையோடு பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். அவரைவிட அதிகமாக அந்தச் சிறிய சுருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்தவர்களின் மாதா என்று அதைச் சொல்வார்கள். அவள் தானும் இருமுறை இடம்பெயர்ந்தவள்.

மீண்டும் தாவீதுக்கு வருகிறேன். ஞாயிறு மறைக்கல்வியில் எங்களுக்குத் தெரிந்த தாவீது கவண்காரன். கிளி கலைக்கப் போகும் பொடியன்கள் எல்லாருக்கும் அவன் சொந்தக்காரன். கோலியாத்தை வீழ்த்தியதும் கதை முடிந்துவிட்டது என்று மணி அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அரசனான பின் அதே தாவீது, போர்முனையில் நிற்கும் தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைச் சண்டை கடுமையான இடத்தில் நிறுத்திக் கொல்லவைத்ததை வளர்ந்த பிறகே வாசித்தேன். நாத்தான் என்ற தீர்க்கதரிசி அவனிடம் வந்து ஒரு வழக்குச் சொல்கிறான். நிறைய ஆடுமாடு உள்ள ஒரு பணக்காரன். பக்கத்தில் ஒரே ஒரு பெண்ணாட்டுக்குட்டியை மகளைப்போல வளர்த்த ஏழை. விருந்தாளி வந்தபோது பணக்காரன் அந்த ஒற்றைக் குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்தெழுந்து, அவன் சாகவேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறான். “நீயே அந்த மனுஷன்” என்கிறான் நாத்தான்.

பாண்டியன் விழுந்த அதே இடம் இது. சிலம்பு உடைந்தபோது பாண்டியன் தன்னைப் பார்த்தான், ஆட்டுக்குட்டியின் கதையில் தாவீது தன்னைப் பார்த்தான். இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்து உயர்தர வகுப்பில் ஒருமுறை படிப்பித்தேன். பாடத்திட்டத்தில் இல்லாததுதான். பிள்ளைகள் மணி அடித்தும் எழும்பவில்லை.

இன்னொன்றையும் அங்கே சொன்னேன். இஸ்ரவேலரின் புத்தகம் தங்கள் மிகப் பெரிய அரசனின் குற்றத்தை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. மகாவம்சம் தன் நாயகன் துட்டகைமுனுவால் வெல்லப்பட்ட எல்லாளனின் நீதியை எழுதிவைத்திருக்கிறது. படுக்கையருகே கட்டிய மணி, கன்றின்மேல் தேரை ஏற்றிய மகன், தாய்ப்பசு அடித்த மணி, அதே சக்கரத்தின் கீழ் மகனுக்குத் தண்டனை. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டான் என்கிறது. அவனைக் கொன்ற துட்டகைமுனு அவனுக்குச் சமாதி எழுப்பி, அவ்வழியே போகிறவர்கள் வாத்தியங்களை நிறுத்தவேண்டும் என்று ஆணையிட்டான் என்றும் சொல்கிறது. இதே கன்றின் கதை திருவாரூரில் மனுநீதிச் சோழனுடையது. யாருடைய கதை யாரிடம் போனது என்று ஆராய்ச்சியாளர் பேசட்டும். பசுவுக்கும் எட்டும் உயரத்தில் மணி கட்டவேண்டும் என்ற ஆசை இரண்டு இனத்துக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

எங்கள் வன்னியில் வேறு விதமான ஒரு கல் இருந்தது. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிரிபேர்க் இவ்விடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்து நட்ட கல். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வன்னியின் அரசனான பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்திருந்தான். வென்றவர்கள் தங்கள் வெற்றிக்கு நட்ட கல் அது. அதைப் பார்க்கப் போன எவரும் கப்டனுக்காகப் போனதில்லை. பூவைத்து வணங்கியது தோற்றவனுக்காகவே. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுதினவன் முடிவுசெய்யலாம். அதை எப்படி வாசிப்பது என்பதை ஊர் முடிவுசெய்கிறது.

மோசேயைப் பற்றி அதிகம் எழுத என்னால் இயலவில்லை. எங்கள் இடப்பெயர்வை யாத்திராகமத்தோடு ஒப்பிட்டுப் பலர் பேசியும் எழுதியும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் குறையில்லை. ஆனால் 2009 வைகாசியில் நந்திக்கடலைக் கழுத்தளவு நீரில், பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கடந்தவர்களோடு நானும் இருந்தேன். கடல் பிளக்கவில்லை.

நாபோத்தோ எனக்கு மிக நெருக்கமானவன். ஆகாப் அரசனின் அரண்மனைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அரசனுக்குக் கீரைத்தோட்டம் போட அந்த நிலம் வேண்டும். வேறு நல்ல நிலம் தருகிறேன், இல்லையென்றால் விலை தருகிறேன் என்கிறான். நாபோத் சொல்லும் மறுமொழியை அந்தப் பழைய மொழிபெயர்ப்பில் வாசியுங்கள்: “என் பிதாக்களின் சுதந்தரத்தை” உமக்குக் கொடுக்கமாட்டேன் என்கிறான். சுதந்தரம் என்றால் அந்தத் தமிழில் முதுசொம், தகப்பன் வழி வந்த காணி. இன்று நாம் விடுதலைக்குச் சொல்லும் சொல்லும் அதுவே. கூடாரத்தில் மூப்பர் இந்த வரியை வாசித்தபோது, பக்கத்தில் இருந்த கமக்காரர் ஒருவர் “என்ன சொன்னான், என்ன சொன்னான்?” என்று இரண்டுமுறை கேட்டார். ஒரு சொல்லுக்குள் காணியும் விடுதலையும் ஒன்றாக இருந்ததை இலக்கணம் படித்த நான் கவனித்திருக்கவில்லை. அவர் கவனித்தார். பொய்ச் சாட்சி வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொன்று தோட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஆகாப் அதைக் கையேற்கப் போகும்போது எலியா எதிரே வந்து நிற்கிறான். கொலையும் செய்து சொந்தமும் ஆக்கிக்கொண்டாயோ என்று கேட்கிறான்.

தமிழுக்குள் இந்தக் கதைகள் வந்த வழியும் நேரானதல்ல. சைவத்தைக் காக்க வாழ்நாளைக் கொடுத்த ஆறுமுக நாவலரே இளவயதில் பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. மூப்பர் கையில் இருந்தது அதற்குப் பின் வந்த வேறொன்று என்றாலும், எலியாவும் நாபோத்தும் தமிழ் பேசிப் பழகியதில் யாழ்ப்பாணத்துச் சைவர் ஒருவரின் உழைப்பும் கலந்திருக்கிறது.

2017 ஜனவரி இறுதியில் கேப்பாப்பிலவின் பிலவுக்குடியிருப்புச் சனங்கள் தங்கள் காணியைக் கேட்டுப் படைமுகாம் வாசலில் வீதியோரம் குந்தினார்கள். பிள்ளைகளோடு, பனியில், வெயிலில். கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு நாங்களும் ஒருநாள் போனோம். அங்கிருந்த ஓர் அம்மா, வேறு இடத்தில் காணி தருவதாகச் சொன்னதைப் பற்றிக் கேட்டபோது, “எங்கட அப்பு வைத்த தென்னையை அங்கேயும் வைத்துத் தருவினமோ?” என்றார். நாபோத்தை அவர் வாசித்திருக்கமாட்டார். மார்ச் 1 அன்று காணி விடுபட்டது. உள்ளே போனவர்களில் சிலர் முதலில் தேடியது வீட்டையல்ல, கிணற்றை. கிணறு இருந்தால் எல்லை தெரியும்.

அதே ஆண்டு மாசியில், பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் உட்கார்ந்தார்கள். வன்னியில் நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்துத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு மாரி வந்தது, போனது. அடுத்த நெல் வெட்டு வந்தது. 2022 ஆவணியில் இரண்டாயிரமாவது நாளைக் கடந்தார்கள். உட்கார்ந்த தாய்மாரிலும் தகப்பன்மாரிலும் பலர் பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு மறுமொழி கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

ரிஸ்பாளின் அதிகாரத்தை நான் அதன்பின் எத்தனை முறை வாசித்திருப்பேனோ தெரியாது. வாசிக்க வாசிக்க இரண்டு விடயங்கள் கண்ணில் படுகின்றன. அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. சவுலின் வீட்டைச் சேர்ந்தவள், அரசியலில் தோற்றவள், அவளுக்காகப் பேச யாரும் இல்லாதவள். உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். மற்றது, பஞ்சம் எப்போது நீங்கியது என்பது. ஏழு பேரைக் கொன்றபோது தேவன் வேண்டுதலைக் கேட்டதாக அந்த அதிகாரம் சொல்லவில்லை. ரிஸ்பாள் செய்துகொண்டிருந்தது தாவீதுக்கு அறிவிக்கப்பட்டது. அவன் சவுலின் எலும்புகளையும் சவுலின் மகன் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்துவரச் செய்தான், தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்தான், சவுலுடைய தகப்பனின் கல்லறையில் அடக்கம் பண்ணினான். அதற்குப் பிறகே தேசத்துக்கான வேண்டுதல் கேட்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. இரத்தத்துக்கு இரத்தம் கொடுத்து நாட்டைச் சரிசெய்யலாம் என்று அரசன் போட்ட கணக்கை, பாறையில் உட்கார்ந்த ஒரு பெண் மாற்றியிருக்கிறாள். தாவீதை உலகம் சங்கீதங்களுக்காக நினைக்கிறது. இறந்தவரை அடக்கம் செய்யாமல் ஒரு நாடு செழிக்காது என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் இவள்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். மகன் 2009இல் காணாமற்போனவன். தொடக்கத்திலிருந்தே கிளிநொச்சிக் கொட்டிலில் உட்கார்ந்தவர். பஸ் ஏறப் போகும்போது கையில் ஒரு பை, பைக்குள் சேலையால் சுற்றிய சட்டம் போட்ட படம். சில நாட்களில் நானும் கூடப் போவேன். கடந்த ஐப்பசியில் ஒருநாள், கொட்டிலில் ஆட்கள் குறைவாக இருந்த மத்தியானத்தில், அவருக்கு ரிஸ்பாளின் கதையைச் சொன்னேன். வற்றாப்பளை அம்மனுக்கு ஆண்டு தவறாமல் பொங்குபவர். வேதக் கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது. தடுக்காமல் முழுவதும் கேட்டார்.

“அவளுக்குக் காவலிருக்க உடலாவது இருந்தது, தங்கச்சி” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து அவரே கேட்டார்.

“பிறகு அரசன் அவளிடம் வந்தானோ?”

“வரவில்லை அக்கா. அவள் இருப்பதை யாரோ போய் அவனுக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் எலும்புகளை எடுப்பித்தான்.”

“யார் போய்ச் சொன்னது?”

“பேர் எழுதவில்லை.”

“எத்தனையாம் நாளிலே சொன்னார்கள்?”

அதுவும் எழுதவில்லை என்றேன். அக்கா சேலைத் தலைப்பால் மகனின் படத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்திருந்த படத்தையும் துடைத்தார். அந்தப் பிள்ளையின் தாய் போன ஆண்டு இறந்துவிட்டார். தகரக் கூரையில் துளிகள் விழும் சத்தம் கேட்டது. சாரல் படாதபடி படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உட்பக்கமாக அடுக்கத் தொடங்கினோம்.